பயப்படாமல் கேளுங்க! மாமா பதில்கள்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வந்தவை. எல்லாமே பயத்தைப் பற்றி. கடலில் பிழைக்கிற ஊரிலிருந்துகொண்டு ‘எனக்குப் பயமா இருக்கு’ என்று எழுதவே தனித் துணிச்சல் வேண்டும். ஆகவே இந்த வாரம் சினிமாவுக்கும் அரசியலுக்கும் லீவு.

நண்டு வலைக்காரர், கூனங்குப்பம்: பயம் வேற, போபியா வேறன்னு சொல்றாங்களே மாமா, என்ன வித்தியாசம்?

முகத்துவாரத்தில் அலை உடைவதைப் பார்த்துப் படகைத் திருப்பினால் அது பயம். உங்கள் அனுபவம் பேசுகிறது, கேளுங்கள். காலண்டரில் இருக்கும் படகுப் படத்தைப் பார்த்துக் காலண்டரைத் திருப்பி மாட்டினால் அது போபியா.

கல்லூரி மாணவி, பழவேற்காடு: போபியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அறிகுறிகளைச் சொல்லுங்க.

நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை நனையும், வாய் உலரும், மூச்சு முட்டும், வயிறு புரளும், தலை கிறுகிறுக்கும், ஓடிவிடக் கால் பரபரக்கும். ஆனால் பரீட்சை முடிவு வரும் காலையிலும் இதெல்லாம் வரும். இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதேம்மா.

அசல் அறிகுறி காலில் இருக்கிறது. ஒரு நாய்க்காக மூன்று தெரு சுற்றிப் பஸ் பிடிக்கிறாயா? பயப்படுகிற பொருள் எதிரிலேயே இல்லாதபோதும், ‘நாளைக்கு வந்துட்டா?’ என்று இன்றைக்கே வயிறு கலங்குகிறதா? இது அதிகப்படி என்று உனக்கே தெரிந்தும் அடக்க முடியவில்லையா? ஆறு மாதத்துக்கு மேல் இப்படியே நீடித்துப் படிப்பையோ பிழைப்பையோ கெடுக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் டாக்டரைப் பார். அவர் உன் நாடியை ஒரு நிமிடம் பார்ப்பார். நீ சுற்றி வந்த வழியைத்தான் அரை மணி நேரம் விசாரிப்பார்.

மீன் ஏலம் விடுபவர், பழவேற்காடு: இதெல்லாம் லட்சத்தில் ஒருத்தருக்கு வர்ற வியாதிதானே?

22 நாடுகளில் எடுத்த கணக்கு இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பொருளையோ சூழலையோ கண்டு வரும் போபியா, வாழ்நாளில் ஒரு முறையாவது 100-க்கு 7 பேரைத் தொட்டுவிடுகிறது. பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம், ஆண்களில் 5. ஆண்களுக்கு வருவது குறைவா, அவர்கள் ஒப்புக்கொள்வது குறைவா என்பதை உங்கள் ஏலக்கூடத்தில் விசாரித்து எழுதுங்கள்.

பெயர் வேண்டாம், 19 வயது, கோரைக்குப்பம்: மீனவன் வீட்டுப் பையன் நான். படகில் கால் வைத்தாலே உடம்பு நடுங்குது. ‘மீன்குஞ்சுக்கு நீந்தக் கத்துக்கொடுக்கணுமா’ன்னு ஊரே சிரிக்குது.

மீன்குஞ்சுக்குச் செவுள் இருக்கிறது, உனக்கு நுரையீரல் இருக்கிறது. சிரிக்கிறவர்களிடம் முதலில் இதைச் சொல்.

தம்பி, ஒவ்வொரு முறை நீ கரையிலேயே நின்றுவிடும்போது மனசுக்குள் ஓர் அப்பாடா வருகிறதே, அது கந்துவட்டிக் கடன். அன்றைய செலவுக்கு ஆகும். மறுவாரம் பயம் வட்டியோடு வாசலில் நிற்கும். தவிர்க்கத் தவிர்க்கத்தான் அது கொழுக்கிறது. உன்னுடைய கோழைத்தனம் என்று எதுவும் இதில் இல்லை. யார் தவிர்த்தாலும் இதே கணக்குத்தான்.

வைத்தியமும் அங்கேயே இருக்கிறது. 1924-ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியல் அறிஞர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் பயல் முயலைத் தடவிக்கொடுத்தான். ஜோசப் வோல்ப் இதே வழியைப் படிப்படியான சிகிச்சையாக்கி 1958-ல் புத்தகமாக எழுதினார். உலகம் முழுவதும் இன்றைக்கும் போபியாவுக்கு முதல் சிகிச்சை இந்தப் பரம்பரைதான்: பயத்தை நோக்கிச் சின்னச் சின்ன அடி.

உனக்கு வாய்த்த அதிர்ஷ்டம் உன் ஏரி. சராசரி ஆழம் ஒரு மீட்டர் சுமார்! முதலில் படகுத்துறையில் உட்கார். பிறகு கட்டிப்போட்ட படகில். பிறகு நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரோடு இடுப்பளவு தண்ணீரில். ஆழமான இடம் எது என்று அவருக்குத் தெரியும். அப்புறம் உயிர்காக்கும் அங்கி போட்டுக்கொண்டு ஏரிக்குள் கொஞ்ச தூரம். முகத்துவாரமும் கடலும் கடைசிப் பாடம். ஒவ்வொரு படியிலும் படபடப்பு உச்சிக்கு ஏறித் தானாக இறங்கும்வரை இருக்க வேண்டும். உச்சியில் இருக்கும்போது எழுந்து ஓடினால் அன்றைய லாபம் பயத்துக்கு. மனநல ஆலோசகர் ஒருவர் வழிநடத்தினால் வேலை சீக்கிரம் முடியும்.

இத்தனைக்கும் பிறகு தொழில் பிடிக்காவிட்டால் ஐ.டி.ஐ.யில் சேர். பயந்து சேராதே, பிடித்துச் சேர்.

அவருடைய சிநேகிதர், அதே ஊர்: இவ்வளவு எதுக்கு மாமா? தூக்கி ஏரியில போட்டுட்டா ஒரே நாள்ல சரியாகிடும்.

தண்ணீர்ப் பயம் அப்படியே இருக்கும்; கூடுதலாக உன்னைக் கண்டாலும் பயப்படுவான்.

மீன் வியாபாரம் செய்யும் அம்மா, நடுவூர் மாதா குப்பம்: என் வீட்டுக்காரர் நாள் முழுக்கத் திருக்கையும் வஞ்சிரமும் வெட்டுவார். ஆஸ்பத்திரியில் ஊசியைப் பார்த்ததும் தொப்புன்னு விழுந்துட்டார். நடிக்கிறாரா?

சத்தியமாக நடிப்பில்லை அம்மா. மற்றப் பயங்களில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். ரத்தம், ஊசி, காயம் சம்பந்தப்பட்ட பயத்தில் மட்டும் கொஞ்சம் ஏறி, உடனே மடமடவென்று சரியும். மூளைக்கு ரத்தம் குறையும், ஆள் விழுவார். இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் அதிகம். மாமனாரைக் கேட்டுப் பாருங்கள், அவரும் ஒருநாள் விழுந்திருப்பார்.

ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களில் இதற்கு ஒரு பயிற்சி வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும், முகம் சூடேறும்வரை. பிறகு விட்டுவிட்டு அரை நிமிடம் சும்மா இருந்து மறுபடி. இப்படி ஐந்து தடவை. ரத்த அழுத்தம் சரியாது, மயக்கம் அண்டாது. வீட்டிலேயே பழகட்டும். ஊசி போடும் கையை மட்டும் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். ‘நான் மயங்குகிற ஆள்’ என்று நர்ஸிடம் முன்னாலேயே சொன்னால் படுக்க வைத்தே போடுவார்கள்.

வலை இழுக்கிற மனுஷனுக்குத் தசையை இறுக்க நாமா சொல்லித்தர வேண்டும்?

தமிழாசிரியர், பொன்னேரி: போபியா மேல்நாட்டுச் சரக்கு. நம் முன்னோருக்கு இதெல்லாம் தெரியுமா?

ஐயா, நீங்களே இப்படிக் கேட்கலாமா? தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் இடங்களையும் நான்காக வகுத்துவிட்டார்: அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். இன்றைய மருத்துவக் கையேட்டிலும் விலங்குக்குத் தனி வகுப்பு உண்டு. அரசனைத்தான் நீக்கிவிட்டார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்பவர்களைக் கேட்டிருந்தால் நீக்கியிருக்க மாட்டார்கள்.

கடைக்காரர், லைட்ஹவுஸ் குப்பம்: ஊர்ப் பேரிலேயே லைட்ஹவுஸ் இருக்கு. எனக்கு மாடிப்படி ஏறினாலே கிறுகிறுன்னு வருது.

ஜெர்மானிய மகாகவி கதேவுக்கும் உங்கள் நோய்தான். 1770-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்குச் சட்டம் படிக்கப் போனார். அந்த ஊர்த் தேவாலயம் 142 மீட்டர், அன்றைக்கு உலகத்திலேயே உயரமான கட்டடம். அதன் கோபுரத்தில் தனியாக ஏறி, விளிம்பில் நிற்பார், இறங்குவார், மறுபடி ஏறுவார். பயம் போகும்வரை ஏறினார். இந்தச் சிகிச்சைக்கு டாக்டர்கள் பேர் வைக்க இன்னும் இருநூறு வருஷம் பாக்கி இருந்தது.

ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள். தரையில் உட்கார்ந்திருக்கும்போதும், படுக்கையில் புரளும்போதும் கிறுகிறுப்பு வந்தால் அது பயமில்லை. காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போங்கள்.

ஐஸ் கம்பெனித் தொழிலாளி, பழவேற்காடு: பாம்புன்னா டிவியில் காட்டினாலும் அலறுவேன். இது பிறவியிலேயே வர்றதா?

1980-களில் சூசன் மினெக்கா என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் குரங்குகளை வைத்துச் சோதித்தார்கள். ஆய்வகத்தில் பிறந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் பயமே இல்லை. காட்டுக் குரங்கு ஒன்று பாம்பைக் கண்டு அலறும் காட்சியைக் காட்டினார்கள். உடனே பயம் ஒட்டிக்கொண்டது. அதே அலறலைப் பூவோடு ஒட்டிப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குரங்கும் பூவுக்குப் பயப்படவில்லை. ஆக, எதற்குப் பயப்படத் தயாராக இருக்கிறோம் என்பது பிறவி. பயப்படக் கற்றுக்கொள்வது பக்கத்தில் இருப்பவரிடம். சின்ன வயதில் உங்கள் வீட்டில் முதலில் அலறியது யார் என்று யோசியுங்கள்.

ஏரியில் வெறுங்கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களோடு ஒரு நாள் பேசிப் பாருங்கள். அந்தச் சமூகத்தார் 1978-ல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷம் அங்கிருந்து போகிறது. 2023-ல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் பத்மஸ்ரீ வாங்கினார்கள். பாம்பை அவர்களைவிட மதிக்கிறவர்கள் இல்லை. படத்தைப் பார்த்து அலறவும் மாட்டார்கள்.

வலையில் கடல் பாம்பு சிக்கினால் மட்டும் வீரம் வேண்டாம். நம் ஊர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாரித்தது. கடல் பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே பயப்படுகிறவன்தான் கெட்டிக்காரன்.

பால்காரர், கோட்டைக்குப்பம்: டச்சுக் கல்லறை வாசலில் கல்லில் ரெண்டு எலும்புக்கூடு செதுக்கியிருக்கான். இருட்டினால் அந்தப் பக்கம் போக முடியலை.

1613-ல் இங்கே கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள், சாவை மறக்காதே என்று உயிரோடிருப்பவர்களுக்கு எழுதிய நோட்டீஸ் அது. நூற்றாண்டுகளாக அந்த இருவரும் ஓர் அடி நகர்ந்ததில்லை. முதலில் பகலில் பக்கத்தில் நின்று பாருங்கள், வேலைப்பாடு அற்புதம். அடுத்தது அந்தி நேரம். அடுத்தது இரவு. கையில் டார்ச் இருக்கட்டும். தரையில் கிடக்கும் கட்டுவிரியனுக்காக.

குடும்பத் தலைவி, வைரவன்குப்பம்: நாய் கடிச்சா தண்ணியைக் கண்டு பயப்படுவாங்களாமே. என் தம்பியும் தண்ணிக்குப் பயப்படுறான். அதுவா இது?

இரண்டும் வேறு. உங்கள் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே தண்ணீர்ப் பயம் என்றால் அது மனம் சம்பந்தப்பட்டது, மாற்றலாம். வெறிநாய்க்கடி நோயில் தண்ணீரை விழுங்க முயன்றாலே தொண்டைத் தசை இழுத்துக்கொள்ளும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி. இந்த ஒரு பதிலில் எனக்கு வேடிக்கை வராது.

இளைஞர், அரங்கங்குப்பம்: எங்க ஊரில் ஒருத்தர் எதுக்குமே பயப்பட மாட்டார். கொடுத்துவெச்சவர்!

அமெரிக்காவில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்பட்ட ஒரு பெண்மணி உண்டு. அபூர்வ நோயொன்றில், பயத்தை எழுப்பும் ‘அமிக்டலா’ என்ற பகுதி அவருடைய மூளையின் இரு பக்கமும் அழிந்துபோயிற்று. பாம்பைக் கையில் எடுத்து விளையாடினார். கத்தியைக் காட்டி மிரட்டியவனைப் பார்த்தும் பதறவில்லை. மறுநாளும் அதே வழியே நடந்தார். ஆபத்தில் மாட்டிக்கொண்டே இருப்பார், ஏனென்றால் எச்சரிக்க உள்ளே ஆளில்லை. 2013-ல் வெளிவந்த ஆய்வொன்றில் கரியமில வாயு கலந்த காற்றை முகர வைத்தார்கள். மூச்சு முட்டியதும் அவரும் அலறிவிட்டார். உங்கள் ஊர்க்காரருக்கும் எங்காவது ஒன்று இருக்கும். தேடாதீர்கள்.

ஒரு தாய், பெயர் வேண்டாம்: டிசம்பர் கடைசி வாரம் வந்தாலே எனக்குத் தூக்கம் போயிடுது மாமா. அலைச் சத்தம் கொஞ்சம் கூடினாலும் பிள்ளைகளை எழுப்பிடுறேன். இருபது வருஷமாச்சு.

அம்மா, 2004 டிசம்பர் 26 காலையில் உங்கள் குப்பங்களிலும் கடல் ஏறியது. ஏழு வருஷம் கழித்து 2011 டிசம்பர் 25-ல், கிறிஸ்துமஸ் அன்று, ஏரியைப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர, சென்னைவரை ஆட்டம் தெரிந்து, கரையோரம் முழுக்க ஜனம் ஓடியது. பெரிய அலை வரவில்லை. பழைய பயம் வந்துவிட்டது. இத்தனையும் பார்த்த ஊரில் உங்கள் காது விழித்திருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கடலைப் பார்த்தால் மட்டும் பயம், மற்ற நேரம் நிம்மதி என்றால் அது போபியா வகை. அந்தக் காலை திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் ஓடுகிறது, கெட்ட கனவு வருகிறது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுகிறது, மனசு மரத்துக் கிடக்கிறது என்றால் அது அதிர்ச்சி விட்டுப்போன காயம். வேறு சிகிச்சை, அதுவும் நன்றாகவே பலிக்கிறது. சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக் குழுவினர் தமிழகக் கரையோரம் வந்து உட்கார்ந்து கேட்டது இந்தக் காயத்தைத்தான். இருபது வருஷம் கழித்துப் போனாலும் ‘இப்போ எதுக்கு வந்தே’ என்று எந்த நல்ல டாக்டரும் கேட்க மாட்டார்.

இன்னொரு சேதி. 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இரவு பகலாக விழித்திருக்கிறது. அங்கே ஷிப்டு போட்டுக் காவல் இருக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் இருபது வருஷமாக ஷிப்டு மாறவே இல்லையே அம்மா, இனியாவது மாற்றிக்கொள்ளுங்கள்.

படகோட்டி, ஏரிக்கரை: ரெண்டு ரவுண்டு போட்டுட்டுப் போனா பயம் தெரியறதில்லை. அதுவே மருந்தா எடுத்துக்கலாமா?

போதையில் போகும் பயம் கரையில் காத்திருக்கும். மூளை தெளிவாக இருந்தால்தான் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்ற பாடம் அதில் பதியும். நீங்கள் வாத்தியாரைத் தூங்க வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போகிறீர்கள்.

பாட்டி, சாத்தாங்குப்பம்: பேரனுக்குத் தாயத்து மந்திரிச்சுக் கட்டியிருக்கேன். கழட்டச் சொல்வியா?

எதுக்குப் பாட்டி? அது உங்கள் அன்பு, இருக்கட்டும். ஒரே ஒரு கவனம். தாயத்து கட்டிக்கொண்டு அவன் இருட்டறைக்குள் போனால் நல்லது. தாயத்து இல்லாத அன்றைக்கு வாசலே தாண்ட மாட்டேன் என்றால், பயம் தாயத்துக்குள் குடிபுகுந்துவிட்டது.

இளம் தாய், ஜமீலாபாத்: என் நாலு வயசுப் பையன் நண்டைப் பார்த்தால் வீறிட்டு அழறான். சிகிச்சை எடுக்கணுமா?

நாலு வயதில் நண்டு, இருட்டு, இடி எல்லாவற்றுக்கும் அழுவது வளர்ச்சியில் ஒரு கட்டம். பெரும்பாலும் தானாகப் போய்விடும். போபியா என்று சொல்லக்கூடியது வேர்பிடிப்பது பெரும்பாலும் எட்டு வயது சுமாருக்கு. குழந்தைக்கு ‘பயமா இருக்கு’ என்று சொல்லத் தெரியாது. அழும், அடம்பிடிக்கும், உறைந்து நிற்கும், உங்கள் புடவையை விடாது. ஆறு மாதம் தாண்டியும் இதே கதை, பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்றால் டாக்டரைப் பாருங்கள்.

அதுவரை இரண்டு விரதம். அவனைக் கேலி செய்யாதீர்கள். சோறு ஊட்டும்போது பூச்சாண்டியைக் கூப்பிடாதீர்கள். பூச்சாண்டி சோற்றோடு போவதில்லை, தூக்கத்துக்கும் வருவான்.

பள்ளி மாணவி, பத்தாம் வகுப்பு: வகுப்பில் எழுந்து நின்னா நாக்கு ஒட்டிக்குது. வெட்கம்னு அம்மா சொல்றாங்க.

வெட்கம் இரண்டு நிமிடத்தில் கரையும். மறுநாள் எழுப்புவார்களோ என்று முந்தின ராத்திரியே காய்ச்சல் அடித்தால், லீவு எடுக்கக் காரணம் தேடினால், அது சமூக அச்சம். உன் டீச்சரிடம் தனியாகச் சொல். முதல் வாரம் உட்கார்ந்தபடி ஒரு வரி வாசிக்கக் கேள். சொல்லவும் பயமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் மேசையில் வை. ஆமாம் டீச்சர், இது உங்களுக்குத்தான்.

மீனவர், ஆரம்பாக்கம் பக்கம்: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டா என் மகள் கட்டிலுக்கு அடியில் ஒளிஞ்சுக்கிறா.

1971-லிருந்து அங்கே ராக்கெட் சீறுகிறது. ஏவுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று உங்களுக்குத் தகவல் வருமே, அதே தகவலை மகளுக்கும் சொல்லுங்கள். அதற்கு முந்தின நாட்களில் செல்போனில் ராக்கெட் சத்தத்தை மெல்ல வைத்துக் கேளுங்கள், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி. அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் நில்லுங்கள். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிவிட்டு வருகிற பயம் உலகத்தில் இது ஒன்றுதான். எண்ணுகிற வேலையை அவளிடம் கொடுங்கள்.

சினிமா ரசிகர், பொன்னேரி: ‘தெனாலி’யில் கமலுக்கு எல்லாத்துக்கும் பயம். நிஜத்தில் அப்படி உண்டா?

2000-ல் வந்த படம். சிரித்துவிட்டு மறந்துவிடாதீர்கள், அந்தப் பாத்திரம் போரில் எல்லாம் இழந்து வந்த ஈழத் தமிழர். ஒருவருக்கே பல போபியா இருப்பது சகஜம். ஒன்று மட்டும் இருப்பவர்தான் குறைவு.

மணமாகாதவர், 28 வயது: மனநல டாக்டரைப் பார்த்தால் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’னு சொல்வாங்க. அப்புறம் பொண்ணு கிடைக்குமா? எனக்குக் கப்பல், லிஃப்ட் ரெண்டுமே பயம்.

1794-லிருந்து சென்னையில் மனநோய்க்கு மருத்துவம் பார்க்கும் ஆஸ்பத்திரி அது. கேலி செய்கிறவர்களின் கொள்ளுத்தாத்தாவைவிட வயதில் மூத்தது, மரியாதையாகச் சொல்லச் சொல். உனக்கு அங்கே படுக்கை போட வேண்டிய அவசியமும் இல்லை. சில வாரப் பயிற்சியில் போபியா அடங்கிவிடும். ஊசிக்குத் தசைப் பயிற்சி சொன்ன ஓஸ்ட் இருக்கிறாரே, அவரே 1989-ல் ஒரே அமர்வுச் சிகிச்சையை எழுதினார். ஒரு பயத்துக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம்.

முதல் அடிக்கு வீட்டை விட்டே கிளம்ப வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ், 14416. இலவசம், இருபத்துநாலு மணி நேரம், தமிழில் பேசலாம். 2022-லிருந்து நடக்கிறது.

மறைத்துக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே மாப்பிள்ளை. புதுப்பெண் தேனிலவுக்கு அந்தமானுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்து, ஏழாவது மாடியில் ரூம் போட்டு வைப்பாள்.